மேற்கோள் குறி எங்கே தவறுகிறது: அறிகுறியைக் கொண்டு காரணம் கண்டு திருத்தும் வழிமுறை

அச்சுப் பக்கத்தில் ஒரு மேற்கோள் குறி தவறியிருந்தால், அதற்கான காரணம் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: எழுதியவர் குறியை இட்ட முறையில், தட்டச்சு மென்பொருள் தானாகச் செய்த மாற்றத்தில், அல்லது கோப்பு ஒரு குறியாக்கத்திலிருந்து (எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறையிலிருந்து) இன்னொன்றுக்கு மாறிய வழியில். மூன்றும் தாளில் ஏறத்தாழ ஒரே மாதிரி தெரிவதால், மெய்ப்புப் பார்ப்பவர் எழுத்தாளரின் பிழையை மென்பொருளில் தேடுவதும், மென்பொருளின் பிழையை எழுத்தாளரிடம் கேட்பதும் வழக்கமாக நடக்கிறது. ஆகவே கண்ணில் படும் அறிகுறியில் தொடங்கிக் காரணத்துக்குப் போகும்படி இவ்வழிமுறையை அமைத்திருக்கிறேன். தமிழுக்கென்றே உரிய பிழைகளுக்குக் கூடுதல் இடம் தந்திருக்கிறேன். ஆங்கில நடைக் கையேடுகளில் அவற்றுக்கு விடை கிடைக்காது.

தொடங்குமுன்: கோப்பில் இருப்பது எந்தக் குறி?

கணினியில் மேற்கோளுக்காக நாம் பயன்படுத்துபவை முதன்மையாக ஆறு எழுத்துகள். நேராக நிற்கும் இரண்டை நேர்குறி என்று கொள்வோம்: எழுத்துகளுக்கு எண் தரும் பொது அட்டவணையான யூனிகோடில் இரட்டை நேர்குறி (") 34ஆம் எண், ஒற்றை நேர்குறி (') 39ஆம் எண். வளைந்த நான்கை வளைகுறி என்று கொள்வோம்: ஒற்றையில் திறப்பது (‘) 8216, மூடுவது (’) 8217; இரட்டையில் திறப்பது (“) 8220, மூடுவது (”) 8221. ஈய எழுத்துகளைக் கோத்த காலத்தில் திறக்கும் குறிக்குக் காற்புள்ளி அச்சையே தலைகீழாகத் திருப்பி வைத்தார்கள்; பள்ளிகளிலும் அச்சகங்களிலும் இன்றும் கேட்கும் ‘இன்வர்ட்டட் கமா’ என்ற பெயர் அதிலிருந்து வந்தது. நேர்குறி பிற்பாடு தட்டச்சுப் பொறியோடு வந்தது. திறப்பதற்கு ஒன்று, மூடுவதற்கு ஒன்று என்று இரண்டு விசைகளை ஒதுக்க அந்தப் பொறியில் இடமில்லை என்பதால், இரண்டுக்கும் பொதுவாக ஒரே குறியை வைத்தார்கள்; கணினி விசைப்பலகையும் அதையே எடுத்துக்கொண்டது.

திறக்கும் குறி 6 போலவும் மூடும் குறி 9 போலவும் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் கண்ணாலேயே பிரித்துவிடலாம். எழுத்துருவின் வடிவம் காரணமாக அது தெளிவாகத் தெரியவில்லையென்றால், திரையில் பக்கத்தை 300 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கீழே உள்ள ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னால் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

அறிகுறி: பேச்சு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பொருளையே மாற்றிவிடும் பிழை இதுதான். மற்றவை பெரும்பாலும் தோற்றத்தைக் கெடுப்பவை.

தமிழ் இலக்கணம் பேச்சின் முடிவைத் தானே காட்டிவிடும். ‘என்று’, ‘என’, ‘என்றாள்’ என வரும் சொல்லைக் கண்டதும் அதுவரை வந்தது வேறொருவர் கூற்று என்று தெரிந்துவிடுகிறது. உரையாசிரியர்கள் ‘என்றவாறு’ என்று முடித்ததும், சங்கப் பாடல்களில் தலைவியின் கூற்றும் தோழியின் கூற்றும் ‘என’ என்று முடிவதும் இந்த முறையில்தான். ஆனால் கூற்றின் தொடக்கத்தைக் காட்ட நம் இலக்கணத்தில் இப்படியொரு சொல் இல்லை. ஓலைச்சுவடிகளில் நிறுத்தக்குறிகள் இல்லாமல் இருந்ததால், கற்பவர் பாடலின் ஓட்டத்தைக் கொண்டே தொடக்கத்தை உணர வேண்டியிருந்தது. அச்சு வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உரைநடை பெருகி, ஆறுமுக நாவலர் (1822–1879) போன்றவர்கள் நிறுத்தக்குறிகளைத் தமிழ் உரைநடையில் சீராகக் கையாளத் தொடங்கிய பிறகுதான் வாசகருக்கு அந்த உதவி கிடைத்தது. ஆகவே தமிழைப் பொறுத்தவரை திறக்கும் குறி விடுபடுவது, மூடும் குறி விடுபடுவதைவிடப் பெரிய பிழை என்பது என் உறுதியான கருத்து.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

செயலாளர் நேற்று நான் திருச்சிக்கு வந்தேன் என்று சொன்னார்.

‘நேற்று’ என்பது சொன்ன நாளா, வந்த நாளா? ‘நான்’ என்பது செயலாளரா, செய்தியை எழுதுகிறவரா? குறி இட்டால் இரண்டு ஐயங்களும் நீங்குகின்றன:

செயலாளர், “நேற்று நான் திருச்சிக்கு வந்தேன்” என்று சொன்னார்.

செயலாளர் நேற்று, “நான் திருச்சிக்கு வந்தேன்” என்று சொன்னார்.

திருத்தும் முறை இது. வாக்கியத்தின் கடைசியில் உள்ள ‘என்று’ அல்லது ‘என’ என்பதைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து பின்னோக்கிப் படித்து, பேசியவரின் வாயிலிருந்து வந்த முதல் சொல் எது என்று தீர்மானியுங்கள். தீர்மானிக்க முடியவில்லையென்றால் நீங்களாகக் குறி இடாமல் எழுதியவரிடம் கேளுங்கள். ஊகித்து இட்ட குறி, சொல்லாததைச் சொன்னதாக அச்சில் ஏற்றிவிடும். பழைய பாடல்களைப் பதிப்பிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். பாடலுக்குள் மேற்கோள் குறி இடும் பதிப்பாசிரியர் அந்த இடத்தில் உரையாசிரியர் ஆகிவிடுகிறார். எந்தக் கூற்று எங்கே தொடங்குகிறது என்று அவர் எடுத்த முடிவு, அடுத்த தலைமுறை வாசகருக்கு மூலத்தின் பகுதியாகவே தோன்றும். அத்தகைய குறிகள் தாம் இட்டவை என்று முன்னுரையில் ஒரு வரி எழுதுவது கடமை என்றே நினைக்கிறேன்.

இதன் மறுபக்கமாக, குறி வரக் கூடாத இடத்தில் வருவதும் உண்டு. ‘வருவதாகச் சொன்னார்’, ‘முடிந்துவிட்டதாகத் தெரிவித்தார்’ என்று ‘ஆக’ ஏறிய வாக்கியம் அயற்கூற்று. அதில் சொற்கள் பேசியவருடையவை அல்ல, எழுதுகிறவருடையவை. மேலாளர் “தான் நாளை வருவதாக” கூறினார் என்று எழுதினால், எவரும் சொல்லாத சொற்களுக்கு மேற்கோள் இட்டதாகிறது. ‘தான்’ என்ற சொல் குறிக்குள் வந்தாலே ஐயுறுங்கள்; தன்னைப் பற்றிப் பேசுகிற எவரும் ‘தான்’ என்று சொல்வதில்லை, ‘நான்’ என்றே சொல்வார். குறிகளை நீக்கிவிடுங்கள், அல்லது வாக்கியத்தை நேர்கூற்றாக்கி ‘என்று’ சேருங்கள். அயற்கூற்றுக்குள் பேசியவரின் ஓரிரு சொற்களை அப்படியே காட்டுவது அவசியமென்றால், அந்தச் சொற்களுக்கு மட்டும் குறி இடலாம்: திட்டத்தை “வெறும் கண்துடைப்பு” என்று அவர் விமர்சித்ததாக உறுப்பினர் கூறினார்.

அறிகுறி: மூடும் குறியை அடுத்துப் புள்ளி வட்டம் தோன்றுகிறது, அல்லது வேற்றுமை உருபு தனியே தொங்குகிறது

ஒட்டுகள் சொல்லோடு சேரும் மொழிகளுக்கே உரிய சிக்கல் இது. ஒரு சொல்லையோ பெயரையோ ஒற்றைக் குறிக்குள் இட்டு, அதன்பின் வேற்றுமை உருபைச் சேர்க்க முயலும்போது எழுகிறது. ‘கடல்’ என்ற சொல்லோடு ‘ஐ’ சேர்ந்தால் ‘கடலை’. குறியை மூடிவிட்டு உருபின் துணைக்குறியை மட்டும் அடித்தால், அது அமர்வதற்கு முன்னால் மெய்யெழுத்து இல்லாததால், கணினி ◌ை என்று புள்ளி வட்டத்தை வரைந்து காட்டும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். எழுத்துரு சரியாகவே இருக்கிறது. துணைக்குறிக்கும் அதன் மெய்க்கும் நடுவே ஒரு நிறுத்தக்குறியை நுழைத்ததுதான் பிழை.

எல்லாச் சொற்களுக்கும் ஒரே தீர்வு பொருந்தாது. சொல்லின் ஈற்றைப் பார்க்க வேண்டும்.

உயிரீற்றுச் சொற்கள் எளியவை. உடம்படுமெய் முழு எழுத்தாக நிற்பதால், குறியை அதற்கு முன்னால் மூடிவிடலாம்: ‘மணி’யை, ‘மணி’யில், ‘நிலா’வை, ‘நிலா’வில். நான்காம் வேற்றுமையில் ‘மணி’க்கு என்பதும் இடரின்றி நிற்கும். இவற்றில் பெயரின் வடிவம் சிறிதும் மாறவில்லை என்பதே காரணம்.

மெய்யீற்றுச் சொற்களில் ஈற்று மெய் உருபின் உயிரோடு கலந்துவிடுகிறது. ‘கடல்’ஐ என்று எழுதினால் படிக்க முட்டுகிறது, ‘கடல்’-ஐ என்று சிறுகோடு இடுவது இலக்கணக் கட்டுரைகளில் மட்டும் பொறுத்துக்கொள்ளத் தக்கது. ‘கடலை’ என்று முழுவதையும் குறிக்குள் இட்டால், ‘கடலை’ என்ற வேறு சொல்லைப் பற்றிப் பேசுகிறோமோ என்ற மயக்கம் வரும். மகர ஈறு இன்னும் கடினம்: ‘சங்கம்’ என்ற பெயரில் ஓர் இதழ் வருவதாகக் கொண்டால், அதை ‘சங்க’த்தில் என்று எழுதும்போது இதழின் பெயரே சிதைந்துவிடுகிறது, மின்னூலில் இதழின் பெயரைத் தேடுகிறவருக்கு அந்த இடம் கிடைக்காது. குற்றியலுகரம் எல்லாவற்றிலும் கடினம். ‘காற்று’ என்பது ‘காற்றை’ ஆகும்போது உகரம் போய்விடுகிறது. ‘நாடு’ என்பது ‘நாட்டை’ ஆகும்போது ஒற்று இரட்டித்துவிடுகிறது. இவற்றில் குறியை எங்கே மூடினாலும் சொல் உடையும்.

இந்த மூன்று வகைகளுக்கும் நான் பரிந்துரைப்பது ஒன்றே: உருபைப் பெயரின்மேல் ஏற்றாமல், ‘என்ற’, ‘என்னும்’, ‘என்பது’ ஆகியவற்றின் வழியே அடுத்த சொல்லின்மேல் ஏற்றுங்கள். ‘காற்று’ என்ற சொல்லை, ‘சங்கம்’ இதழில், ‘நாடு’ என்பதற்கு என்று எழுதும்போது பெயர் முழுமையாகக் குறிக்குள் நிற்கிறது. உருபும் இலக்கணத்தோடு சேர்கிறது. வாக்கியம் ஒரு சொல் நீளுமே என்று சிலர் தயங்குகிறார்கள். அந்த ஒரு சொல் நீளம் பெயரைக் காப்பாற்றுகிறது.

வல்லினம் மிகும் இடங்களிலும் இதே கேள்வி வரும். ‘வான்மதி’ப் பத்திரிகையா, ‘வான்மதி’ பத்திரிகையா, ‘வான்மதிப்’ பத்திரிகையா? மூன்றாவது கூடவே கூடாது. அது பெயரில் இல்லாத ஒரு மெய்யெழுத்தைப் பெயருக்குள் திணிக்கிறது. முதல் இரண்டில், மூடும் குறி ஒரு சிறு நிறுத்தத்தை உண்டாக்குவதால் ஒற்று இல்லாமல் எழுதுவதையே நான் விரும்புகிறேன். ஒற்று இடுவதென்று ஒரு பதிப்பகம் முடிவு செய்தால், அதைக் குறிக்கு வெளியே இட்டு நூல் முழுவதும் ஒரே சீராகக் கடைப்பிடிக்க வேண்டும். மேற்கோளை அடுத்து வரும் ‘என’ என்பதன் பின் ஒற்று மிகும் (எனக் கூறினார்), ‘என்று’ என்பதன் பின் மிகாது (என்று கூறினார்) என்பதையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள். ‘என்றுக் கூறினார்’ என்ற பிழை செய்தித்தாள்களில் அடிக்கடி தென்படுகிறது.

அறிகுறி: முற்றுப்புள்ளி சில இடங்களில் உள்ளேயும் சில இடங்களில் வெளியேயும் இருக்கிறது

அமெரிக்க அச்சு வழக்கில் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் எப்போதும் மூடும் குறிக்குள் வரும். பிரிட்டன் வழக்கில் அவை மேற்கோளுக்கு உரியவையா, வெளி வாக்கியத்துக்கு உரியவையா என்று பார்த்து இடுவார்கள். இரண்டு வகை ஆங்கில நூல்களையும் படிக்கிறவர்கள் தமிழில் எழுதும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. தமிழில் சொல்லும் வினை பெரும்பாலும் மேற்கோளுக்குப் பின்னால் வருவதால், உள்ளே இருக்கும் வாக்கியம் வெளி வாக்கியத்தின் உறுப்பாகிவிடுகிறது. எனவே “நாளை வருகிறேன்” என்றார் என்று புள்ளியின்றி மூடுவதே பொருத்தம், “நாளை வருகிறேன்.” என்றார் என்று எழுதினால் ஒரு வாக்கியத்தின் நடுவே முற்றுப்புள்ளி விழுகிறது. வினாக்குறியும் உணர்ச்சிக்குறியும் பேச்சின் தொனியைச் சேர்ந்தவை என்பதால் உள்ளேதான் இருக்க வேண்டும்: “எப்போது வருவீர்கள்?” என்று கேட்டார். உரையாடலில் மேற்கோள் தனி வாக்கியமாகவே நிற்கும்போது, அதாவது ‘என்றார்’ போன்ற எதுவும் பின்தொடராதபோது, முற்றுப்புள்ளியும் உள்ளே போகும்.

சிறுகதைகளில் “வருகிறேன்,” என்றான் என்று காற்புள்ளி இடும் வழக்கம் ஆங்கிலத்தைப் பார்த்து வந்தது. தவறென்று அதை அடித்துத் திருத்த வேண்டியதில்லை. ஆசிரியர் நூல் முழுக்க அப்படியே எழுதியிருந்தால் விட்டுவிடலாம். பாதி அப்படியும் பாதி இப்படியுமாக இருந்தால் மட்டும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

அறிகுறி: திறந்த குறி மூடப்படவே இல்லை

முதலில் அது உண்மையில் பிழைதானா என்று பாருங்கள். ஒருவரின் பேச்சு பல பத்திகளுக்கு நீளும்போது, ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் திறக்கும் குறி இட்டு, கடைசிப் பத்தியின் முடிவில் மட்டும் மூடுவது அச்சு மரபு. நடுப் பத்திகளில் மூடும் குறி இல்லாதிருப்பது, பேச்சு இன்னும் முடியவில்லை என்பதற்கு அடையாளம். இதை அறியாத மெய்ப்புத் திருத்துநர் ஒவ்வொரு பத்தியிலும் குறியை மூடிவிட்டால், ஒரே ஆள் பேசுவது இருவர் மாறி மாறிப் பேசுவதுபோல் ஆகிவிடும்.

மெய்யான விடுபாடுகளைப் பிடிக்க, வேர்டில் தேடும் பெட்டியில் சிறப்புக்குறிகளை அனுமதிக்கும் தேர்வை (Use wildcards) இயக்கி “[!”]@“ என்று தேடுங்கள். திறந்த ஒரு குறிக்குப் பின் மூடாமல் மீண்டும் திறந்த இடங்களில் அது நிற்கும். ஒழுங்குக்கோவைத் தேடல் (regular expression) உள்ள மற்ற மென்பொருள்களில் “[^”]*“ என்பது அதே வேலையைச் செய்யும். பல பத்திப் பேச்சுகளிலும் இது நிற்குமாகையால், ஒவ்வோர் இடத்தையும் கண்ணால் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். குறிகள் வளைகுறிகளாக இருந்தால்தான் இந்தத் தேடல் பயன்படும். நேர்குறியில் திறப்பும் மூடலும் ஒன்றே என்பதால் கணினிக்கு வேறுபாடு தெரியாது.

மேற்கோளுக்குள் மேற்கோள் வரும்போது வெளியே இரட்டை, உள்ளே ஒற்றை என்பதே தமிழ் நூல்களில் பரவலான முறை. இரண்டும் ஒரே இடத்தில் மூடினால் ’” என்று ஒட்டி நின்று மூன்று கோடுகளாகத் தெரியும், நடுவே மயிரிழை இடைவெளி (யூனிகோடு 8202) ஒன்று இடுங்கள்.

அறிகுறி: திறக்க வேண்டிய இடத்தில் மூடும் குறி விழுகிறது

குறியை அடித்தவுடன் வளைத்துத் தரும் மென்பொருள் ஓர் எளிய விதியின்படி நடக்கிறது: முன்னால் இடைவெளியோ, வரித் தொடக்கமோ, திறந்த அடைப்புக்குறியோ இருந்தால் திறக்கும் குறி, வேறு எது இருந்தாலும் மூடும் குறி. நீள்கோட்டை (—) அடுத்து இடைவெளி விடாமல் பேச்சைத் தொடங்கினால், மென்பொருள் அதை மூடும் குறி என்று எண்ணிவிடக்கூடும். மாறாக, ’90களில் என்று நூற்றாண்டின் இரண்டு இலக்கங்களை விட்டு எழுதும்போது வர வேண்டியது 9 போன்ற குறி. மென்பொருளோ முன்னால் இடைவெளி இருப்பதைப் பார்த்து 6 போன்ற குறியைத் தருகிறது. இத்தகைய இடங்களில் இரண்டு குறிகளை அடுத்தடுத்து அடித்துவிட்டு வேண்டாததை அழிப்பதே விரைவான வழி. விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண்பலகையில் 0145, 0146 என்று அடித்தால் ஒற்றைக் குறிகளும், 0147, 0148 என்று அடித்தால் இரட்டைக் குறிகளும் நேரடியாகக் கிடைக்கும்.

அறிகுறி: ஒரே நூலில் நேர்குறியும் வளைகுறியும் கலந்திருக்கின்றன

கைப்பேசியிலும் மின்னஞ்சலிலும் வந்த பகுதிகளை ஒன்றாக ஒட்டிய கோப்புகளில் இது தவிர்க்க முடியாதது. வேர்டில் குறிகளைத் தானாக வளைக்கும் அமைப்பு இயங்கும் நிலையில், தேடும் பெட்டியிலும் மாற்றும் பெட்டியிலும் இரட்டை நேர்குறியையே இட்டு அனைத்தையும் மாற்றச் சொன்னால் அது இடம் பார்த்து வளைத்துவிடும். பிறகு ஒற்றைக் குறிக்கும் அதையே செய்யுங்கள். வேர்டில் நேர்குறியைத் தேடினால் வளைந்தவையும் சேர்ந்தே அகப்படும் என்பதால், எஞ்சியிருக்கும் நேர்குறிகளை மட்டும் காண ^034 என்றும் ^039 என்றும் தேட வேண்டும். மாற்றி முடித்ததும் மேலே சொன்ன நீள்கோட்டு இடங்களையும் ஆண்டுச் சுருக்கங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அளவுகளில் அங்குலத்துக்கும் அடிக்கும் நேர்குறி இட்டிருந்தால் இந்த மாற்றத்தில் அவையும் வளைந்துவிடும். அவற்றுக்கென யூனிகோடில் 8242, 8243 ஆகிய சாய்குறிகள் இருக்கின்றன. ஆனால் தமிழ் வாசகருக்கு ‘5 அடி 6 அங்குலம்’ என்று எழுத்தில் எழுதுவதே தெளிவு.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. கணினிக் கட்டளைகளையும் விரிதாள் வாய்பாடுகளையும் கற்பிக்கும் நூல்களில் குறி வளைந்துவிட்டால், வாசகர் அதைப் படியெடுத்து இயக்கும்போது பிழைச்செய்திதான் வரும், ஏனென்றால் அந்த மொழிகள் அறிந்தது நேர்குறி ஒன்றையே. அத்தகைய பகுதிகளுக்குத் தனிப் பாணி அமைத்து, மாற்றத்திலிருந்து விலக்கி வையுங்கள்.

அறிகுறி: குறி இருந்த இடத்தில் வேறு எழுத்து, கட்டம், அல்லது குப்பை

என்ன தோன்றுகிறது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

வெற்றுக் கட்டம் தோன்றினால், பெரும்பாலும் அந்த எழுத்துருவில் வளைகுறி இல்லை. தமிழ் எழுத்துகளை மட்டும் வரைந்து, நிறுத்தக்குறிகளை விட்டுவிட்ட எழுத்துருக்கள் இருக்கின்றன. சில மென்பொருள்கள் கட்டத்தைக் காட்டாமல் வேறு எழுத்துருவிலிருந்து குறியைக் கடன்வாங்கிவிடும். அப்போது குறி மட்டும் மெலிந்தோ தடித்தோ தெரியும். எழுத்துருவை மாற்றுவதே தீர்வு.

கூரைக்குறி போட்ட a எழுத்தும் (â), அடுத்து € என்ற நாணயக்குறியும் தோன்றினால், யூனிகோடு எண்களைச் சேமிக்கும் யூடிஎப்-8 குறியாக்கத்தில் உள்ள கோப்பைப் பழைய மேற்கத்தியக் குறியாக்கத்தில் திறந்திருக்கிறார்கள். திறக்கும் இரட்டைக் குறி யூடிஎப்-8 முறையில் 226, 128, 156 என்ற மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. பழைய குறியாக்கம் அவற்றை மூன்று தனி எழுத்துகளாகப் படித்துவிடுகிறது. கோப்பு முழுவதுமே இப்படியிருந்தால் தமிழ் எழுத்துகளும் குப்பையாகவே தெரியும். மூலக் கோப்பைச் சரியான குறியாக்கத்தைத் தேர்ந்து மறுபடி திறந்தால் போதும். தமிழ் சரியாகவும் குறிகள் மட்டும் குப்பையாகவும் இருந்தால், கெட்டுப்போன ஒரு பகுதியை யாரோ இடையில் ஒட்டியிருக்கிறார்கள். அப்போது தேடி மாற்ற வேண்டியதுதான். அதில் ஓர் எச்சரிக்கை: மூடும் இரட்டைக் குறியின் மூன்றாம் பைட்டு 157, அந்தப் பழைய குறியாக்கத்தில் இந்த எண்ணுக்கு எழுத்து ஏதும் இல்லை. அதனால் அது வழியிலேயே உதிர்ந்துபோய், திறந்த குறிகளை மட்டுமே மீட்க முடிகிற நிலை ஏற்படலாம். மூலக் கோப்பைத் தேடி எடுப்பதற்கு ஆகும் நேரம் இங்கே வீணாகாது.

குறி இருந்த இடத்தில் தமிழ் எழுத்தே வந்திருந்தால், கோப்பு யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடிக்கப்பட்டது. அக்கால எழுத்துருக்கள் 256 இடங்களுக்குள் தமிழ் முழுவதையும் அடக்க வேண்டியிருந்ததால், நிறுத்தக்குறிகளின் இடங்களையும் சில எழுத்துருக்கள் தமிழ் வடிவங்களுக்கு எடுத்துக்கொண்டன. டிஸ்கி (TSCII) 1.7 போன்ற பழைய தமிழ்க் குறியாக்கத் தரப்பாடு 145 முதல் 148 வரையான இடங்களை மேற்கோள் குறிகளுக்கே விட்டுவைத்தது. எல்லாரும் அப்படிச் செய்யவில்லை. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பின்னரும், அச்சகங்களின் பழைய கோப்புகள் அந்த எழுத்துருக்களிலேயே தங்கியிருக்கின்றன. அவற்றை மாற்றும்போது, மாற்றும் மென்பொருளில் சரியான எழுத்துருப் பெயரைத் தேர்ந்திருக்கிறோமா என்று ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். குறிகள் அப்போதும் கெட்டால், மாற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு குறிக்கும் நூலில் வேறெங்கும் வராத ஓர் எண்தொடரை இட்டுவிடுங்கள். பெரும்பாலான பழைய எழுத்துருக்களில் இலக்கங்கள் தம் இடத்திலேயே இருப்பதால் எண்தொடர் பத்திரமாக மறுகரை சேரும். மாற்றியபின் அதைக் குறியாகத் திருப்பிக்கொள்ளலாம்.

அறிகுறி: பக்கம் முழுவதும் ஒற்றைக் குறிகள் சிதறிக் கிடக்கின்றன

எழுதியவர் அழுத்தம் தருவதற்காகக் குறிகளைப் பயன்படுத்தியிருக்கிறார். கடைப் பலகையில் “சுத்தமான” நெய் என்று எழுதுவதன் நோக்கமும் அதுவே. ஆனால் வாசகர் மனத்தில் அது ஐயத்தையே எழுப்புகிறது. ஒரு சொல்லைச் சுற்றிக் குறி இட்டால், இது என் சொல் அல்ல, பிறர் சொல்வது என்ற பொருள் தானே ஏறிவிடும். செய்தித் தலைப்புகளில் குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றிய சொல்லுக்கு ஒற்றைக் குறி இடும்போது அந்த விலகல் தேவைப்படுகிறது. கட்டுரையில் ‘வளர்ச்சி’, ‘உண்மை’, ‘அன்பு’ என்று சொல்லுக்குச் சொல் இட்டுக்கொண்டு போனால் எதையும் நேராகச் சொல்லாத நடை ஆகிவிடும். ஒவ்வொரு குறியையும் தனித்தனியே பார்த்து, இது பிறர் சொல்லா, பெயரா, சொல்லைப் பற்றிய பேச்சா என்று கேளுங்கள். மூன்றும் இல்லையென்றால் நீக்கிவிடுங்கள். அழுத்தம் வேண்டுமென்றால் தடித்த எழுத்து இருக்கிறது, ‘தான்’ என்றும் ‘ஏ’ என்றும் இடைச்சொற்கள் இருக்கின்றன.

அறிகுறி: தமிழ்99 விசைப்பலகையில் குறி வரவில்லை

ஆங்கில விசைப்பலகையில் மேற்கோள் குறி உள்ள விசையில் தமிழ்99 அமைப்பு ‘ய’ என்ற எழுத்தை வைத்திருக்கிறது. ஷிப்ட் விசையோடு அதே விசையை அழுத்தினால் ஒற்றைக் குறியும், ஷிப்ட் விசையோடு ‘ம’ உள்ள விசையை அழுத்தினால் இரட்டைக் குறியும் வரும். வருவது நேர்குறியே, வளைப்பது மென்பொருளின் வேலை.

அறிகுறி: வரி முடிவில் குறி தனியே நிற்கிறது, அல்லது எழுத்தோடு முட்டுகிறது

திறக்கும் குறி ஒரு வரியின் கடைசியிலும் பேச்சு அடுத்த வரியிலும் இருந்தால், குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது. திறக்கும் குறியை அடுத்தும் மூடும் குறிக்கு முன்னும் உள்ள இடைவெளிகளைத் தேடி நீக்குங்கள். மூடும் குறியை அடுத்து ‘என்று’ ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே இடைவெளி சேருங்கள்.

முட்டுவது பெரும்பாலும் இகர, ஈகாரத் துணைக்குறிகளால் நேர்கிறது. ‘மணி’, ‘நீ’ போன்ற சொற்களில் ஈற்றெழுத்தின் வளைவு மேலே ஏறி வலப்புறம் சாய்வதால், மூடும் குறி இருக்க வேண்டிய இடத்தையே அது தொட்டுவிடுகிறது. பல தமிழ் எழுத்துருக்களில் தமிழ் எழுத்துக்கும் நிறுத்தக்குறிக்கும் இடையே இணை இடைவெளி (அடுத்தடுத்து வரும் இரண்டு வடிவங்கள் எவ்வளவு விலகி நிற்க வேண்டும் என்ற அளவு) வகுக்கப்படவில்லை. உடலெழுத்தின் அளவில் இது கண்ணில் படாது. தலைப்பிலும் அட்டையிலும் நன்றாகவே தெரியும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் இரண்டுக்கும் நடுவே சுட்டியை வைத்து, ஆல்ட் விசையோடு வலப்புற அம்பு விசையை ஓரிரு முறை அழுத்தினால் விலகும். ஒவ்வோர் அழுத்தலுக்கும் எழுத்தளவில் ஆயிரத்தில் 20 பங்கு என்பது அதன் இயல்பான அமைப்பு. அட்டை அச்சுக்குப் போகுமுன் இந்த இடங்களைத் தாளில் எடுத்த மெய்ப்பிலேயே பார்க்க வேண்டும், ஏனென்றால் திரை பல நேரங்களில் இந்த மயிரிழை முட்டலைக் காட்டுவதில்லை.